ஐந்து விரலையும் விரித்துக் காட்டு!

வேத பாகம்: லூக்கா 16:1-13, 2 கொரிந்தியர் 8:18-21

  

நம்ம ஆண்டவர் பிரசங்கம் பண்ணின விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பெரிய பெரிய தத்துவங்களை அவர் எடுத்துப் பேசவில்லை. விதைக்கிறவனைக் காட்டினார். மாவு பிசைகிற பெண்ணைக் காட்டினார். ஒரு காசு காணாமற்போனதற்காக வீடு முழுக்கப் பெருக்கித் தேடின அம்மாவைக் காட்டினார். ஜனங்கள் தினமும் பார்க்கிற காரியத்துக்குள்ளேயே பரலோக ராஜ்யம் ஒளிந்திருக்கிறது என்று சொன்னார். அவர் நம்ம உத்திரமேரூர் ஏரிக்கரையில் நடந்து வந்திருந்தால் எதைக் காட்டிப் பேசியிருப்பார்? இந்தக் கேள்வி ரொம்ப நாளாக எனக்குள் உண்டு. பதில் கிடைத்தது. ஆனால் நான் எதிர்பார்த்த விதத்தில் கிடைக்கவில்லை பிரியமானவர்களே! பிரசங்கக் குறிப்பு தேடிப் போனவனுக்குப் பட்டயம் வந்து நெஞ்சில் பாய்ந்தது. அதை மறைக்காமல் இந்த மாதம் உங்களுக்கு எழுத வேண்டும் என்று ஆவியானவர் ஏவினபடியால் எழுதுகிறேன்.

கல்லில் எழுதின சட்டம்

2024-ஆம் வருஷம் ஏப்ரல் 19-ஆம் தேதி பாராளுமன்றத் தேர்தலுக்கு நாம் எல்லாரும் ஓட்டுப் போட்டோம். மறுநாள் சனிக்கிழமை. சென்னையிலிருந்து என் அக்கா மகன் வந்திருந்தான். பள்ளிக்கூடத்துப் பையன். "மாமா, எங்க புக்குல குடவோலைன்னு போட்டிருக்கே, அது உங்க ஊருதானே? என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க" என்று ஒரே பிடிவாதம். சரி வாடா என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனேன்.

"என்ன பாஸ்டர், நீங்க போய்க் கோயிலுக்கா?" என்று யாரும் பதற வேண்டாம். பவுல் அத்தேனே பட்டணத்தில் சுற்றிப் பார்த்தபோது ஒரு பலிபீடத்தில் எழுதியிருந்த எழுத்தைப் படித்தார், அதையே வசனமாக வைத்துப் பிரசங்கம் பண்ணினார் (அப். 17). நான் கும்பிடப் போகவில்லை, எழுத்தைப் பார்க்கத்தான் போனேன்.

முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அது. கி.பி. 919-லும் 921-லும் வெட்டினது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 2020 டிசம்பரில் புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினபோது பிரதமரே நம்ம ஊரு பேரைச் சொன்னாரே, அதுதான். எழுத்து நமக்குப் புரியாது. அங்கே இருந்த ஒரு பெரியவர் பொறுமையாக விளக்கிச் சொன்னார்.

ஊரை 30 குடும்பாகப் பிரித்திருந்தார்கள். நம்ம கணக்குக்கு வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்கள் பேரை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். மகாசபை முழுவதும் சிறியவர் பெரியவர் என்று கூடியிருக்கும். வயதில் மூத்த ஒருவர் அந்தக் குடத்தை எல்லார் கண்ணுக்கும் தெரியத் தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டுக் கட்டை எடுக்கச் சொல்லி, வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஒரே ஒரு ஓலையை எடுக்கச் சொல்லுவார்கள். அந்த ஓலையை மத்தியஸ்தன் என்பவன் வாங்குவான். எப்படி வாங்க வேண்டும் தெரியுமா? ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும்! வாங்கி உரக்க வாசிக்க வேண்டும். அவன் வாசித்தது போதாது என்று, அங்கே இருக்கிற நம்பிமார் எல்லாரும் வாசிக்க வேண்டும். அப்புறம்தான் அந்தப் பேரை எழுதிக்கொள்வார்கள்.

ஏன் ஐந்து விரலையும் விரிக்க வேண்டும்? கைக்குள்ளே வேறு ஓலை ஒளித்து வைத்திருக்கக் கூடாது. அவ்வளவுதான்!

இப்படித் தேர்ந்தெடுத்தவர்களில் சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். 360 நாள் ஆனதும் இறங்கிவிட வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலமும், சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். சம்பாதித்த பொருள் சுத்தமாய் இருக்க வேண்டும்.

எல்லாம் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே வந்தேன். 'அருமையான குறிப்பு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகும்' என்று மனசுக்குள் சந்தோஷம் வேறு! அப்போது பெரியவர் அடுத்த விஷயத்தைச் சொன்னார். முன்னே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பேரைக் குடத்தில் போடக் கூடாது. அவன் மட்டுமல்ல, அவன் சொந்தக்காரர் பேரும் கூடாது. தகப்பன், பிள்ளை, அண்ணன் தம்பி, மாமனார், மச்சான், மருமகன், தாய்மாமன், சகோதரி பிள்ளை என்று கல்லிலேயே பட்டியல் போட்டு வெட்டியிருக்கிறார்கள்.

பையன் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டான்: "அப்போ மாமா, நீங்க கணக்குக் காட்டலைன்னா என் பேரையும் எடுத்துடுவாங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்குக் கால் ஓடவில்லை. விரலைப் பார்த்தேன். நேற்று வைத்த ஓட்டு மை அப்படியே இருந்தது. என் கை மூடியிருந்தது.

இரண்டு பேஸில் ஓடின மோட்டார்

பிரியமானவர்களே, இப்போது நான் சொல்லப்போவது எங்கள் சபைக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியட்டும்.

நான் பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். பகலில் பட்டறை, சாயங்காலமும் ஞாயிறும் ஊழியம். 2023 ஆகஸ்டு மாதம் என் மகளுக்கு நர்சிங் இரண்டாம் வருஷத்து ஃபீஸ் கட்டக் கடைசி நாள் வந்துவிட்டது. விவசாயிகள் எனக்குத் தரவேண்டிய கூலி அறுப்பு முடிந்துதான் வரும். மற்ற வீடாக இருந்தால் கழுத்தில் காதில் கிடப்பதை அடகு வைப்பார்கள். ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்கே கழற்றி வைத்த வீடு எங்களுடையது. அடகு வைக்க என்ன இருக்கிறது? சபைக் கட்டட நிதி ஒரு தகரப் பெட்டியில் என்னிடம் இருந்தது. சாவி என்னிடம். கணக்கு நோட்டும் என்னிடம். பன்னிரண்டாயிரம் ரூபாய் எடுத்தேன். 'கடன்தானே, தை மாதம் வைத்துவிடுவேன்' என்று சொல்லிக்கொண்டேன். நோட்டில் எழுதவில்லை.

தை வந்தது, போனது. வந்த கூலி வேறு செலவுக்குப் போனது. யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எட்டு மாதம்!

மோட்டார் வேலை தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். மூன்று பேஸில் ஓடுகிற மோட்டாருக்கு ஓடும்போதே ஒரு பேஸ் போய்விட்டால் உடனே நின்றுவிடாது. ஓடிக்கொண்டேதான் இருக்கும். குழாயில் தண்ணீரும் விழும். தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கிட்டே போனால்தான் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கும். தொட்டுப் பார்த்தால் கொதிக்கும். அப்படியே விட்டால் காயில் கருகிப் போகும். ஒரு தடவை நிறுத்திவிட்டால் மறுபடியும் கிளம்பாது.

அந்த எட்டு மாதமும் நான் இரண்டு பேஸில் ஓடின மோட்டார்! பிரசங்கம் பண்ணினேன், ஜனங்கள் அல்லேலூயா சொன்னார்கள். உபவாச ஜெபம் நடந்தது. அந்நிய பாஷையும் பேசினேன். தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே முனகல். ராத்திரி தூக்கம் இல்லை. தசமபாகத்தைக் குறித்துப் பேச வேண்டிய ஞாயிறு வந்தால் வேறு வசனத்துக்குத் தாண்டிப் போய்விடுவேன். தேவ பிள்ளையே, உனக்குள் அந்த முனகல் கேட்கிறதா? அதை வெறும் மனசஞ்சலம் என்று தள்ளிவிடாதே. காயில் கருகுவதற்கு முன்னே ஆவியானவர் கொடுக்கிற சத்தம் அது!

சாமுவேல் வயதான காலத்தில் ஜனங்கள் எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு, யாருடைய மாட்டை எடுத்தேன், யார் கையில் பரிதானம் வாங்கினேன், இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள் என்று கேட்டான் (1 சாமுவேல் 12). அப்படிக் கேட்க எத்தனை ஊழியக்காரருக்குத் தைரியம் உண்டு? எனக்கு இல்லாமல் போயிற்றே! பவுலைப் பாருங்கள். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்ந்த காணிக்கையைத் தான் ஒருவனாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தீத்துவையும் சபைகள் நியமித்த சகோதரரையும் கூட அனுப்பினான். கர்த்தர் பார்க்கிறார் என்பதோடு நிறுத்தாமல், மனுஷர் கண்ணுக்கு முன்பாகவும் யோக்கியமாய் இருக்க வேண்டும் என்று கவலைப்பட்டான். 'கர்த்தருக்குத் தெரியும், மனுஷனுக்கு ஏன் காட்டணும்?' என்று நாம் சொல்லுகிறோம். பவுல் சொல்லவில்லையே!

அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். மகளுக்குப் போன் போட்டேன். அவள் ஃபீஸைப் பற்றிச் சபையில் சொல்ல வேண்டியதிருக்கிறதே, அவளிடம் கேட்காமல் எப்படிச் சொல்லுவது? கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம், "சொல்லிடுங்கப்பா. மறைச்சு வைச்சு நான் படிக்க வேணாம்" என்றாள்.

மறுநாள் ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன்னே எழுந்து நின்று சொன்னேன். சபையில் ஊசி விழுந்தால் கேட்கும். ஒரு சகோதரர் எழுந்து, "இத்தனை நாளா எங்களுக்குப் போதனை பண்ணீங்களே பாஸ்டர்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு வெளியே போனார். இன்றுவரை திரும்பி வரவில்லை. அவர் கோபம் நியாயமானது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவருக்காக ஜெபிக்கிறேன்.

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு வயதான தாயார், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், மெல்ல எழுந்தார்கள். "நீ எடுத்தது தப்புதான் ஐயா. தப்பில்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இத்தினி வருஷமா சாவியும் உங்கிட்ட, நோட்டும் உங்கிட்டன்னு விட்டுட்டு, ஒரு நாளாவது கணக்கு இன்னான்னு நாங்க கேட்டமா? கேக்காதது எங்க தப்பு. போட்டுடு, இனிமே நாங்க கேப்போம்" என்றார்கள்.

எனக்குப் பட்டணத்துப் பைபிள் காலேஜ் மூன்று வருஷம் சொல்லிக்கொடுக்காததை அந்தத் தாயார் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்!

பணத்தை நாலு தவணையாக 2024 டிசம்பருக்குள் கட்டி முடித்தேன். இப்போது பெட்டிச் சாவி ஒரு சகோதரியிடம், நோட்டு ஒரு வாலிபனிடம். எண்ணுகிறது மூன்று பேர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வரவு செலவைச் சபை நடுவே உரக்க வாசிக்கிறோம். வாசித்த பிறகு யாராவது ஒருவர் நோட்டை வாங்கிப் பார்க்கலாம். அந்தத் தாயாருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் முதல் ஆளாக வாங்கிப் பேரனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுகிறார்கள். ஸ்தோத்திரம்!

ஏரி சொல்லுகிற பாடம்

அந்த 6 பேர் வாரியம் பார்த்த ஏரிக்கு வருவோம். நம்ம பெரிய ஏரிக்குப் பழைய கல்வெட்டுகளில் வயிரமேக தடாகம் என்று பேர். பல்லவர் காலத்தது. தூர் அள்ளுவதற்கென்றே தர்மமாகப் பொன் வைத்துப் போனவர்கள் உண்டு. ஏரி வெட்டினால் மட்டும் போதாது, வருஷா வருஷம் தூர் எடுக்க வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

பட்டறைக்கு வருகிற ஒரு விவசாயி சொன்னார்: "மழைக்காலத்துல பார்த்தா கடலாட்டம் தெரியும் பாஸ்டர். ஆழம் இருக்குதான்னு சித்திரை மாசம்தான் தெரியும்." ஆம் பிரியமானவர்களே! வண்டல் ஒரே நாளில் வந்து ஏரியை மூடுவதில்லை. ஒவ்வொரு வெள்ளமும் ஒரு பிடி கொண்டுவந்து போடுகிறது. மேலே தண்ணீர் அதே அகலத்துக்கு விரிந்து நிற்கிறது. அடியில் மேடு ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் பெருமழை வந்தால் கொள்ளாது, கோடை வந்தால் நிற்காது. 2015 டிசம்பரில் நம்ம மாவட்டத்தில் எத்தனை ஏரி நிரம்பி வழிந்தது, எத்தனை இடத்தில் கரைக்குப் பயந்து ராத்திரி முழுக்க விழித்திருந்தோம்! அடுத்தடுத்த வருஷங்களில் அதே ஜனம் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலையவும் பார்த்தோமே.

ஈசாக்கு என்ன செய்தான்? தகப்பன் ஆபிரகாம் வெட்டின துரவுகளைப் பெலிஸ்தர் மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். புதிதாக வேறொன்று தேடி ஓடுவதற்கு முன்னே அந்த மண்ணை வாரி எடுத்தான் (ஆதியாகமம் 26). எழுப்புதல் வேண்டும், எழுப்புதல் வேண்டும் என்று மழைக்கு ஜெபிக்கிறோம். நல்லது. தூர் எடுத்தோமா? மழை பெய்தால் நிற்க இடம் உண்டா? ஒரு சின்னப் பொய், திருப்பிக் கொடுக்காத ஒரு கைமாற்று, பேசாமல் விட்ட ஒரு மச்சான், ஒரு நாள் விட்டுப்போன ஜெபம். எல்லாம் ஒவ்வொரு பிடி வண்டல்தான்!

இன்னொன்றும் கவனியுங்கள். ஏரியில் கிடக்கும்போது கேடாக இருக்கிற அதே வண்டலை வாரிக் கழனியில் கொட்டினால் எருவாகிறது. எங்கள் சபையில் இப்போது கணக்கு கேட்க யாருக்கும் கூச்சமில்லை. நான் மறைத்து வைத்திருந்த காலமெல்லாம் அது என் ஆழத்தைக் கெடுத்தது. வெளியே வாரிக் கொட்டின பிறகு கர்த்தர் அதையே எருவாக்கிவிட்டார். பாவத்தை நான் நியாயப்படுத்தவில்லை. கர்த்தருடைய கைவேலையைச் சொல்லுகிறேன்.

குடத்தில் விழாத பேர்

கோயிலை விட்டுக் கிளம்பும்போது பையன் இன்னொரு கேள்வி கேட்டான்: "மாமா, நம்ம தாத்தாவோட தாத்தா பேரெல்லாம் அந்தக் குடத்துல இருந்திருக்குமா?"

உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? அது நிலமும் வேத சாஸ்திரப் படிப்பும் உள்ள பிராமணர் சபை. அந்த ஏரியை வெட்டின கை, தூர் வாரின கை, மடைத் தண்ணீரைக் கட்டின கை, அந்தக் கைகளின் பேர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. பெண்கள் பேரும் ஏறவில்லை. அவர்கள் வைத்த ஒழுங்கை மெச்சுகிறேன், அதிலிருந்து புத்தி படிக்கிறேன். ஆனால் "இல்லைடா தம்பி, நம்ம பேர் இருந்திருக்காது" என்றுதான் சொன்னேன்.

வண்டியில் வரும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கால் வேலி நிலம் இல்லாதவன், சொந்த மனை இல்லாதவன், படிக்கத் தெரியாத தாயார், இவர்கள் பேரை எழுதி வைத்த ஒரு புத்தகம் பரலோகத்தில் இருக்கிறதே! பேய்கள் கீழ்ப்படிந்ததற்காகச் சந்தோஷப்பட்டு வந்த சீஷர்களிடம், உங்கள் பேர் மேலே எழுதியிருக்கிறதே, அதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்றுதானே ஆண்டவர் சொன்னார் (லூக்கா 10:20)? அங்கே குலுக்கல் இல்லை. யூதாசின் இடத்துக்கு மத்தியாவை எடுக்கச் சீட்டுப் போட்டார்கள். பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் இறங்கின பிறகு சபை சீட்டுப் போட்டதாக அப்போஸ்தலர் நடபடிகளில் நாம் எங்கும் வாசிப்பதில்லை. யாரும் தற்செயலாக அந்தப் புத்தகத்தில் ஏறவில்லை. ஆட்டுக்குட்டியானவர் தம்முடைய இரத்தத்தால் கிரயம் கொடுத்து எழுதினார்!

கணக்குக் காட்டாத ஒருவனுக்காக அவன் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் தள்ளுபடி என்றது கல்வெட்டு. கணக்கு முழுவதையும் கட்டித் தீர்த்த ஒருவருக்காக அவருடைய சொந்த ஜனம் அத்தனை பேருக்கும் இடம் உண்டு என்கிறது சுவிசேஷம். அதை எப்படி ருசுப்படுத்தினார் தெரியுமா? சிலுவையில் அவருடைய கைகள் மூடியிருக்கவில்லை. விரித்த கைகள்! உயிர்த்தெழுந்த பிறகும் தோமாவுக்குக் கையைத்தான் காட்டினார். அவரிடத்தில் ஒளித்து வைத்தது ஒன்றுமில்லை.

இந்தப் பத்திரிகையைக் கையில் பிடித்திருக்கிற தேவ பிள்ளையே, உன் கையில் என்ன மூடியிருக்கிறது? சீட்டுப் பணமா? மகளிர் குழு நோட்டா? அண்ணன் தம்பி பாகத்தில் ஒரு முழம் நிலமா? புருஷனுக்குத் தெரியாத கடனா? ஊழியக்காரனே, உன் சபைப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது? வாரியத்தாருக்கு 360 நாள் கெடு இருந்தது. நமக்கு நாள் குறித்துச் சொல்லவில்லை. உக்கிராணக்காரனைக் கூப்பிட்ட எஜமான் முன்னறிவிப்புக் கொடுத்தா கூப்பிட்டான்? கூப்பிடுவதற்கு முன்னே நாமாகவே போய்விடுவோம். போவது வெட்கம்தான். நான் போனேன். வெட்கப்பட்டேன். அன்று ராத்திரி எட்டு மாதத்துக்குப் பிறகு தூங்கினேன்.

ஜெபிப்போமா?

அன்பின் பரம தகப்பனே, மூடின கையோடு உம்முடைய சமூகத்தில் நின்ற எங்களை மன்னியும். எங்களில் சேர்ந்த வண்டலை எங்களுக்குக் காட்டும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கப் பெலனும், கேட்க வேண்டியதைக் கேட்கத் தைரியமும் தாரும். எங்களால் இடறிப்போன சகோதரரை நீரே தேடிப் பிடித்துக் காயத்தைக் கட்டும். எந்தக் குடத்திலும் விழாத எங்கள் பேரை உம்முடைய புத்தகத்தில் எழுதினீரே, அந்தப் பேருக்கு ஏற்றபடி நடக்க எங்களுக்கு உதவி செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும் நல்ல பிதாவே. ஆமென்! அல்லேலூயா!